மது ஒழிப்பில் ஊர்க் கூட்டமைப்புகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

 

மதுவும் கஞ்சாவும், உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலமும் நம் தெருக்களுக்குள் வந்துவிட்டன என்று கவலைப்படாத குடும்பம் இன்று இல்லை. ஆனால் அந்தக் கவலையைப் பற்றிய நமது பேச்சு பெரும்பாலும் காவல்துறையைக் குறை கூறுவதிலோ, இளைஞர்களை ஏசுவதிலோ முடிந்துவிடுகிறது. இதே கவலை நமக்கு முன் வாழ்ந்த பலருக்கும் இருந்தது. அவர்களில் சிலர் ஊரைக் கூட்டித் திட்டமிட்டுச் செயல்பட்டார்கள். சில இடங்களில் வென்றார்கள், சில இடங்களில் சறுக்கினார்கள். அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது, ஜமாஅத்தின் சார்பில் நாம் ஏதேனும் செய்ய நினைக்கும்போது துணையாக நிற்கும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தொடக்கத்தை நம் ஊர் மலையிலிருந்தே சொல்லலாம். கழுகுமலையின் பாறைகளில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களைக் காண வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். பாண்டியர் காலத்தில், ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், இம்மலை சமணப் பள்ளியாக விளங்கியது. மது, மாமிசம், தேன் ஆகிய மூன்றையும் விலக்குவது சமண இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட அடிப்படை ஒழுக்கமாகும். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே உண்டு. ஆகவே மதுவை வெறுப்பது ஏதோ ஒரு மார்க்கத்தார் மட்டும் கொண்டுவந்த பழக்கம் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. இந்தக் கரிசல் மண்ணில் அது நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்த ஒன்றுதான்.

நமது மார்க்கத்தின் வழிமுறை அனைவரும் அறிந்ததே என்றாலும், அதில் அடங்கியுள்ள திட்டமிடலை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. மதுவிலக்கு ஒரே நாளில் இறங்கவில்லை. மதுவில் பயனைவிடப் பாவமே பெரிது என்னும் கருத்து முதலில் அல்பகரா அத்தியாயத்தில் (2:219) வந்தது. போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்ற கட்டளை பின்னர் அந்நிஸா அத்தியாயத்தில் (4:43) வந்தது. ஐந்து வேளைத் தொழுகை உள்ளவன் போதை தெளிந்து நிற்க வேண்டுமென்றால், அவன் குடிப்பதற்கு நாளில் எஞ்சும் நேரம் மிகக் குறைவு. இவ்வாறு பழக்கத்தின் பிடி தளர்ந்த பிறகே முழுமையான தடை அல்மாயிதா அத்தியாயத்தில் (5:90, 91) இறங்கியது. அன்றைய தினம் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் பேரீச்சம் பழ மதுவைப் பரிமாறிக்கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்கள், தெருவில் அறிவிப்பாளர் குரல் கேட்டதும் அத்தனையும் கொட்டப்பட்டதையும், மதீனாவின் தெருக்களில் மது ஓடியதையும் அறிவித்துள்ளார்கள். எந்தக் காவலரும் வீடு வீடாகச் சோதனை செய்யவில்லை. மக்கள் மனம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது.

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். கள்ளும் சாராயமும் அரசாங்கத்தின் பெரும் வருமானமாக உருவெடுத்தது ஆங்கிலேயர் ஆட்சியில்தான். 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் கள் இறக்குவதையும் விற்பதையும் உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. கடைகள் ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் அதிகம் விற்க வேண்டும். அதிகம் விற்றால் அடுத்த ஏலத்தொகை உயரும். அரசின் வருமானமும் உயரும். குடியைக் குறைக்க வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே, அது பெருகினால்தான் கஜானா நிறையும் என்ற ஏற்பாட்டை வெள்ளையர் உருவாக்கிச் சென்றார்கள்.

இதனை எதிர்த்து மக்கள் ஊர்தோறும் ஒன்றுகூடியது ஒத்துழையாமை இயக்கக் காலத்தில். 1920 ஆகஸ்டில் காந்தியடிகளும் மௌலானா ஷவுக்கத் அலி அவர்களும் சேர்ந்து சென்னைக்கு வந்தார்கள். கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் கைகோத்து நின்ற அந்த ஆண்டுகளில், கள்ளுக்கடை மறியலில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நின்றனர். ஈரோட்டில் 1921இல் நடந்த மறியலில் பெரியார் ஈ.வெ.ராமசாமி சிறை சென்றார். அவருடைய துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்து நடத்தினார்கள். கள்ளுக்குப் பயன்படக் கூடாது என்று தம் தோப்பில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டி வீழ்த்தியவர் பெரியார். கொள்கைகளில் நமக்கும் அவருக்கும் எவ்வளவோ தூரம் உண்டு. ஆயினும் சொந்த வருமானத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுப் பிறருக்குச் சொன்ன அந்த நேர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

மறியல் கடையை மூடும். குடிப்பவனின் மனத்தை அது தொடாது. இந்த உண்மையை உணர்ந்து நீண்டகாலத் திட்டத்தோடு இறங்கியவர் இராஜாஜி. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் அவர் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கதர் வேலை கொடுத்துக்கொண்டே மதுவிலக்குப் பிரசாரமும் நடந்தது. 1929இல் மதுவிலக்குக்கென்றே "விமோசனம்" என்ற மாத இதழ் அங்கிருந்து வெளிவந்தது; பிற்காலத்தில் புகழ்பெற்ற கல்கி அவர்கள் அதில் துணையாசிரியராகப் பணிபுரிந்தார். எழுத்தறியாதவருக்கும் விளங்கும்படி படங்களோடு அவ்விதழ் தயாரிக்கப்பட்டது. முதலில் பிழைப்புக்கு ஒரு வழி, அதன் பிறகு அறிவுரை என்ற இந்த வரிசை முக்கியமானது. நாம் பெரும்பாலும் அறிவுரையோடு நின்றுவிடுகிறோம்.

1937இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அவரது அமைச்சரவையில் கிலாபத் இயக்கத் தலைவராக விளங்கிய யாகூப் ஹசன் சேட் அவர்களும் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்தார் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது. அவ்வாண்டே மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டு, அக்டோபர் 1ஆம் தேதி முதல் சேலம் மாவட்டத்தில் மட்டும் நடைமுறைக்கு வந்தது. மாகாணம் முழுவதையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளாமல் ஒரு மாவட்டத்தில் தொடங்கியதுதான் இதன் சிறப்பு. ஆசிரமத்தார் பன்னிரண்டு ஆண்டுகள் உழுது வைத்த நிலம் அது. கடை மூடப்பட்ட பின் மாலை நேரத்தில் அந்த மனிதர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கும் விடை தேடப்பட்டது. தேநீர்க் கடைகளும், விளையாட்டும், பஜனையும் நாடகமும் அந்த வெற்றிடத்தை நிரப்ப ஊக்குவிக்கப்பட்டன. மரமேறும் தொழிலாளர்கள் புளிக்காத பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச அனுமதிக்கப்பட்டார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்பது பனங்காட்டின் நடுவே வாழும் நமக்குப் புதிய செய்தியல்ல. அடுத்த இரண்டாண்டுகளில் கடப்பை, சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. இழந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. கடைக்குக் கடை நாம் செலுத்தி வந்த விற்பனை வரியின் மூலக்கதை மதுவிலக்கில் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பலன் ஒரு கையெழுத்தில் போயிற்று. சட்டத்தை மட்டும் நம்பிய ஊர்களில் கடை திறந்த மறுநாளே கூட்டம் கூடியிருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மீண்டும் படிப்படியாக மாவட்டங்கள் சேர்க்கப்பட்டு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவிலும் மதுவிலக்கு அரசின் நெறியாக இடம்பெற்றது.

அதன் பிறகான கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. தொண்ணூற்றிரண்டு வயதில் இராஜாஜி முதலமைச்சரை நேரில் சந்தித்து, வேண்டாம் என்று மன்றாடினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1974இல் மீண்டும் மதுவிலக்கு. 1981இல் மீண்டும் தளர்வு. 1983இல் டாஸ்மாக் நிறுவனம். 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையையும் அந்நிறுவனமே ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டில் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாயாக இருந்த அரசின் மது வருமானம் 2023-24ஆம் ஆண்டில் 45,800 கோடியைத் தாண்டியது. ஏலக்காரர் போய் அரசே கடைக்காரரானது ஒன்றுதான் மாற்றம். 1886இன் கணக்கு அப்படியே நிற்கிறது. 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் விஷச் சாராயம் உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசுக் கடை இருந்தால் கள்ளச்சாராயம் வராது என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதை இது காட்டியது. மதுவிலக்கு இருந்த காலத்திலும் கள்ளச்சாராயம் ஓடியது என்பதையும் நாம் மறைக்கலாகாது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் நடந்ததும் இதுவே.

சட்டம் வந்தும் போயும் இருக்க, ஊர் மக்கள் தாமே முன்னின்ற இரண்டு நிகழ்வுகளை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

ஒன்று, ஆந்திர மாநிலம் நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா என்னும் சிற்றூர். அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்புகளில் எழுத்துக் கற்ற உழைக்கும் பெண்கள், பாடப் புத்தகத்தில் குடியால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதையைப் படித்தார்கள். படித்ததும் அது தங்கள் கதை என்று பேசத் தொடங்கினார்கள். பேச்சு கூட்டமாயிற்று, கூட்டம் சாராயக் கடையின் முன் போய் நின்றது. ரோசம்மா என்ற பெண்மணியின் பெயர் இவ்வியக்கத்தோடு நிலைத்துவிட்டது. 1992இல் மாவட்டம் முழுவதும் பரவிய அக்கிளர்ச்சியால் சாராய ஏலத்தை நடத்தவே அதிகாரிகள் திணறினார்கள். 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கும் வந்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில் வருமான இழப்பைக் காட்டி விலக்கிக்கொள்ளப்பட்டது. பெண்கள் கூடிய இடம் எழுத்துப் பலகை இருந்த வகுப்பறை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பெண்கள் மதரஸாவும் அத்தகைய இடமே. குடியின் கொடுமையை முழுமையாக அறிந்தவர்கள் பெண்களாயிருக்க, அதைப் பற்றி ஆண்கள் மட்டும் கூடிப் பேசுவது எவ்வளவு தூரம் பயன் தரும்?

மற்றொன்று நம் தமிழ்நாட்டில். சென்னையில் டி.டி.ரங்கநாதன் என்பவர் 1979இல் இளம் வயதிலேயே மதுப்பழக்கத்திற்குப் பலியானார். அவருடைய துணைவியார் சாந்தி ரங்கநாதன் மறு ஆண்டே குடிநோய்க்கான சிகிச்சை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். குடி என்பது ஒழுக்கக்கேடு மட்டுமல்ல, சிகிச்சை தேவைப்படும் நோய் என்ற கருத்தை நம் மாநிலத்தில் பரப்பியதில் அந்நிறுவனத்திற்குப் பெரும் பங்குண்டு. சென்னைக்கு வந்து தங்கிச் சிகிச்சை பெற இயலாத கிராமத்து ஏழைகளுக்காக, 1989இல் மஞ்சக்குடியில் முகாம் முறை தொடங்கப்பட்டது. இன்று அவ்வூர் திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. மருத்துவரும் ஆலோசகரும் ஊருக்கு வருவார்கள். இடம், உணவு, துணை ஆகியவற்றை உள்ளூர் அமைப்பு ஏற்கும். யாருக்குச் சிகிச்சை தேவை என்பதை அறிந்து அழைத்து வருவதும் ஊராரே. பதினைந்து நாட்கள் முகாமில் தங்கும் அந்த மனிதருக்கு மருந்தும் ஆலோசனையும் தரப்படும். மனைவி, தாய் ஆகியோருக்கும் தனியே ஆலோசனை உண்டு. முகாம் முடிந்த பின்னரும் மாதந்தோறும் சந்தித்து விசாரிப்பார்கள். ஊரறிய முகாமில் சேர்ந்தவர் மீண்டும் கடைப்பக்கம் போனால் ஊரே கேட்கும்; போகாதிருந்தால் ஊரே தோள் கொடுக்கும். நகரத்து மருத்துவமனையால் தர முடியாத மருந்து இது. 1999இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா குடிமைச் சமூக விருது சாந்தி ரங்கநாதன் அவர்களுக்கு வழங்கப்பட்டது.

இளைஞர்கள் பழக்கத்தில் விழுமுன் காப்பது எப்படி என்பதற்கு வெகுதூரத்திலிருந்து ஒரு சான்று உண்டு. நான்கு லட்சம் மக்களும் இல்லாத ஐஸ்லாந்து நாட்டில், 1998இல் பதினைந்து, பதினாறு வயது மாணவர்களில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்தனர். 2016இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. மேடைப் பேச்சுகளால் இது நிகழவில்லை. ஒவ்வொரு ஊரிலும் மாணவர்களிடம் பெயரின்றிக் கருத்துக் கேட்டு, நிலைமை என்னவென்று அந்தந்தப் பள்ளிக்கும் பெற்றோருக்கும் சொன்னார்கள். பள்ளி விட்டபின் விளையாட்டும் இசையும் பிற கலைகளும் பயில ஏற்பாடு செய்து, அதற்கான கட்டணத்தில் உள்ளாட்சி அமைப்புகள் உதவின. குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் வெளியே திரியக் கூடாது என்ற விதியைப் பெற்றோர்கள் ஒப்பந்தம் போலக் கூடி ஏற்றார்கள். பெற்றோர் குழுக்கள் முறைவைத்து இரவில் தெருக்களில் நடந்து வந்தன. அடிப்பதற்கோ பிடித்துக் கொடுப்பதற்கோ அல்ல. பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிவதற்காக. இசையை விட்டுவிட்டு மற்றவற்றை நாம் தாராளமாகக் கைக்கொள்ளலாம்.

இனி நமது ஜமாஅத்துகளின் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குடிப்பவர் வீட்டு நிகாஹுக்கு தஃப்தர் கொடுப்பதில்லை, சந்தா வாங்குவதில்லை என்று கட்டுப்பாடு விதித்த ஜமாஅத்துகள் தமிழகத்தில் உண்டு. மாப்பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றிப் பெண் வீட்டு ஜமாஅத் விசாரித்து எழுதுவதும் நல்ல வழக்கமே. எத்தனையோ பெண்களின் வாழ்வை அது காத்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே நோயில் விழுந்துவிட்டவரை முற்றாக ஒதுக்கினால் அவர் போகும் ஒரே இடம் கடையாகத்தான் இருக்கும். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை மற்றொருவர் சபித்தபோது, அவ்வாறு சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. தண்டனை இருந்தது, ஒதுக்குதல் இல்லை. அதே நேரத்தில், மது தொடர்பாகச் சபிக்கப்பட்ட பத்துப் பேரைக் குறிப்பிடும் நபிமொழியில் சுமப்பவரும், விற்பவரும், விற்ற காசை உண்பவரும் இடம்பெறுகிறார்கள். குடிப்பவனை வரிந்து கட்டிக்கொண்டு ஏசும் நாம், பெட்டிக்கடையில் தடை செய்யப்பட்ட புகையிலையை மறைத்து விற்பவரிடமும், நல்ல வாடகை கிடைக்கிறதென்று பாருக்கு இடம் கொடுப்பவரிடமும் ஸலாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013 முதலே தடை செய்யப்பட்டவை. அப்படியிருந்தும் 2024இல் "கூல் லிப்" பள்ளி மாணவர்களிடையே பரவியதைக் குறித்து உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கவலையோடு விசாரிக்க நேர்ந்தது.

இப்பணியை ஜமாஅத் தனியாகச் செய்ய இயலாது, செய்யவும் கூடாது. தீப்பெட்டி ஆலையிலும் பட்டறையிலும் வாரக்கூலி வாங்கும் நாளில் கடை வாசலில் நிற்பவர்களுக்குள் சாதி, மத வேறுபாடு இல்லை. சமூகங்கள் ஒன்றையொன்று பகைத்து நின்றால் என்ன நேரும் என்பதை இவ்வூர் 1895ஆம் ஆண்டுத் தேரோட்டக் கலவரத்தில் இரத்தத்தோடு கண்டது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை எட்டயபுரம் அரண்மனை ஆதரித்துப் போற்றியதும் இதே வட்டாரத்தில்தான்.

ஆகவே நிர்வாகக் குழுவின் பரிசீலனைக்குச் சில யோசனைகள். பள்ளிவாசல், கோவில், தேவாலயம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களும், பள்ளித் தலைமையாசிரியர்களும், வணிகர்களும், மகளிர் சுயஉதவிக் குழுவினரும் மாதம் ஒருமுறை கூடும் ஒரு பொதுக்குழு அமைய வேண்டும். அதன் கூட்டத்தைப் பள்ளிவாசலில் நடத்துவதைவிடப் பொதுவான பள்ளிக்கூடத்தில் நடத்துவது நல்லது. மாலை நேரத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடலும் ஒரு வாசிப்பறையும் தேவை. பயானுக்குச் செலவிடும் தொகையில் பாதி போதும். சிகிச்சைக்குச் செல்லும் ஏழைக் குடும்பத்திற்கு அந்நாட்களின் கூலி இழப்பை பைத்துல்மாலிலிருந்து ஈடுசெய்வதை ஆலிம்களிடம் ஆலோசித்து முடிவெடுக்கலாம். இதை ஆண்டறிக்கையில் பெயர் போடாமல் கணக்கு மட்டும் காட்ட வேண்டும். பெயர் வெளிவந்தால் அடுத்தவர் வரமாட்டார்.

கடைகளின் இடத்தைப் பற்றிய விதியையும் அனைவரும் தெரிந்திருப்பது நல்லது. 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளின்படி வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும், பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை அமையலாகாது. கழுகுமலை பேரூராட்சியாதலால் நமக்கு 100 மீட்டர் கணக்கு. 2017இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் நெடுஞ்சாலையோரக் கடைகள் மூவாயிரத்துக்கும் மேல் மூடப்பட்டு, அவை குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைய முயன்றபோது, தமிழகமெங்கும் பெண்கள் முன்னின்று தடுத்தார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பு, 2015 ஜூலை 31 அன்று, மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில் ஒரு கடையை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். அவர், முதன்முதலில் மதுவிலக்கு வந்த சேலம் மாவட்டத்துக்காரர். எவரும் கோபுரம் ஏற வேண்டாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அம்மனுவில் ஜமாஅத்தின் முத்திரை மட்டும் இருந்தால் அது ஒரு சமூகத்தின் மனு. தெருவில் குடியிருக்கும் எல்லாரும் கையொப்பமிட்டிருந்தால் அது ஊரின் மனு. மத்திய அரசின் போதை மீட்பு ஆலோசனைக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. இதைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும், ஒளூச் செய்யும் ஹவுளின் அருகிலும், கேட்க வெட்கப்படுபவர் நின்று படித்துக்கொள்ளும் உயரத்தில் எழுதி வைக்கலாம்.